சறுக்குமரத்துக்கு உபயம் ரெடி, தரைக்கு யார்?



சமய வகுப்புக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம் அமைக்கப் போவதாக நிர்வாகம் அறிவிச்சிருக்கு. உபயம் தர நிறைய பேர் முன்வந்திருக்காங்க, சந்தோஷம். ஆனா எல்லாரும் சறுக்குமரம், ஊஞ்சல்னுதான் கேட்கிறாங்க. தரைக்கு ஒருத்தரும் இல்லை. தரையில பேர் பலகை வைக்க முடியாதே!

என் கருத்து இதுதான்: தரைக்குப் பணம் சேராமல் ஒரு கம்பிகூட நடக்கூடாது.

2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பிள்ளை மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். சிமெண்டும் இண்டர்லாக் கல்லும் துளிகூட அமுங்காது. அடி முழுவதும் மண்டைக்குத்தான். "நாங்க மண்ணுல விழுந்து வளர்ந்தவங்க"ன்னு பெரியவங்க சொல்றாங்க. ஆனா இறுகிப்போன மண்ணும் தேய்ஞ்ச புல்லும் பாதுகாப்பான தரை இல்லை.

செயற்கைப் புல் போடலாம்னு ஒரு யோசனை வந்தது. சிமெண்டு மேல அப்படியே ஒட்டினா கண்ணுக்குத்தான் பச்சை, கீழே அதே சிமெண்டு. தொழிற்சாலையில போடுற ரப்பர் பாயை வாங்கித் தரச் சொல்லி என்னையும் கேட்டாங்க. அது நாள் முழுக்க நின்னு வேலை செய்றவங்க காலுக்காகச் செய்தது. விழுகிற தலைக்கு அது போதாது.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று மணல். விலை குறைவு. 4 அடி உயரத்துக்குக் குறைந்தது 9 அங்குல ஆழம் வேணும். 12 அங்குலம் கொட்டினால்தான் அமுங்கி 9 நிற்கும். ஆனா நம்ம பிள்ளைங்க செருப்பைக் கழற்றிட்டு வர்றவங்க. மணலில் சிதறுகாய் ஓடு கிடக்கும், பூனை அசுத்தம் பண்ணும், மழைத் தண்ணீர் தேங்கும். தினமும் கிளறிப் பார்க்க ஆள் வேணும். தைப்பூசத்துக்கு வர்ற தொண்டர் கூட்டம் சாதாரண செவ்வாய்க்கிழமை வருமா?

அதனால நான் இரண்டாவதைச் சொல்றேன்: ஒட்டி இறுக்கிப் போடுகிற ரப்பர் தரை. விலை அதிகம்தான். உயரத்துக்கு ஏற்ற கனம் இருக்கணும். குத்தகையாளர் "நல்ல சாமான் அண்ணே"ன்னா நம்பக்கூடாது. ஈ.என் 1177 சோதனை அறிக்கை கேளுங்க. தலை மாதிரி ஒரு கருவியைப் பல உயரத்திலிருந்து போட்டு, அந்தத் தரை எவ்வளவு உயரம் வரை தாங்கும்னு அதில் அளந்திருப்பாங்க. நமக்குப் போடப்போற அதே கனத்துக்கான அறிக்கையா என்றும் பாருங்க. கறுப்பு ரப்பர் மத்தியான வெயிலில் பாதத்தைச் சுட்டுடும். வெளிர் நிறமும் மேலே கூரையும் அவசியம்.

பணம் பத்தலைன்னா தரையைக் குறைக்க வேண்டாம், விளையாட்டுச் சாமானைக் குறைப்போம். 4 அடிக்கு மேல் எதுவும் வேண்டாம். சறுக்குமரத்தைச் சுற்றி 6 அடி ரப்பர் வரணும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம் வேணும், அதைப் பிறகு பார்க்கலாம்.

"சாமானை இப்ப வைப்போம், தரையை அடுத்த வருஷம் போடலாம்"னு சிலர் சொல்றாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் பிள்ளைங்க ஏறாம இருப்பாங்களா?

கும்பாபிஷேகத்துக்குச் செங்கல் உபயம் கொடுத்தோம். எந்தச் செங்கல் யாருடையதுன்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது, ஆனா அதுமேலதான் கோபுரம் நிக்குது. அதே மாதிரி இதுக்கும் ஒரு சதுர அடி உபயம்னு ஆரம்பிப்போம். வர்ற ஞாயிறு அன்னதானத்துக்குப் பிறகு நிர்வாகக் கூட்டம் இருக்கு. பெற்றோர்கள் அவசியம் வந்து பேசுங்க.