ஒருநாட் பாடமும் ஊழியர் கல்வியும்

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களுக்குத் தொண்டாற்றும் நிறுவனங்கள் பல, தம் ஊழியர்க்கு அளிக்கும் பயிற்சியைப் பற்றிப் பெருமையாகப் பேசி வருகின்றன. புதிதாக வந்த தாதியையும் கணக்கரையும் அலுவலரையும் ஒரு மண்டபத்தில் அமர்த்தி, காலையில் வரலாறு, பகலில் உறவுமுறை, மாலையில் சான்றிதழ் என்று முடித்துவிடுகின்றனர். சில இடங்களில் மண்டபமும் வேண்டியதில்லை. கணினித் திரையே போதும். இது கல்வியன்று, கல்வி நடந்ததாகக் காட்டும் கணக்கு என்பதே என் துணிபு.

காவலில் நேர்ந்த 99 பழங்குடியினரின் மரணங்களை ஆராய 1987இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், 1991இல் 339 பரிந்துரைகளை வழங்கியது. அம்மக்களிடையே பணிபுரியும் அரசு ஊழியரின் பயிற்சி அவ்வட்டார மக்களோடு கலந்து வகுக்கப்படவேண்டும், இயன்றவரை அவர்களே அதனைக் கற்பிக்கவேண்டும் என்பது அவற்றுள் 210ஆவது. இதன் உயிர் 'அவ்வட்டார' என்னும் சொல்லிலேயே இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம் அரெர்ண்டே மக்களின் மண். அங்கே மருத்துவம் நாடி வால்பிரி, லூரிச்சா, பிச்சஞ்சஜாரா மொழியினரும் வருகின்றனர். சிட்னியில் அச்சிட்ட ஒரே பாடம் இவர்கள் அனைவர்க்கும் எங்ஙனம் பொருந்தும்?

வகுப்பறை அறிந்த ஆசிரியர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். மத்திய ஆஸ்திரேலியாவில் ஒருவர் இறந்தால் அவர் பெயரைச் சிலகாலம் உரக்கச் சொல்வதில்லை. அப்பெயரையே உடைய பிறரையும் வால்பிரி மக்கள் 'குமன்ஜாயி' என்று மாற்றி அழைப்பர். இதனை அறியாதவர் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தால் என்னாகும்? மாமியாரும் மருமகனும் நேர்முகமாக உரையாடுதல் வழக்கமன்று. அவ்விருவரையும் இணைத்து உரையாடற் பயிற்சி கொடுத்தால் மறுநாள் இருவருமே வரமாட்டார்கள். அறிக்கையிலோ 'ஊழியர்க்கு ஆர்வம் இல்லை' என்று எழுதப்படும்! ஆர்வம் இல்லாதவர் யார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. வினவியவரின் மனம் நோகாதிருக்க 'ஆம்' என்று விடையளிக்கும் வழக்கத்தை உடன்பாடாகக் கொள்ளும் மருத்துவர் நோயாளியை இழக்கிறார். வழக்குமன்றமோ அதே 'ஆம்' என்பதைக் குற்ற ஒப்புதலாக எழுதிக்கொள்ளக்கூடும்.

இவற்றையெல்லாம் வந்தேறும் ஊழியர்க்கு உண்மையில் கற்பிப்பவர் யார்? உள்ளூர்ப் பழங்குடிச் சுகாதார ஊழியரே. ஆறு திங்களுக்கு ஒருமுறை புதிய தாதி வருகிறார். அதே பாடத்தை அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். அதற்குத் தனி ஊதியம் இல்லை. பதவி உயர்விலும் அது எண்ணப்படுவதில்லை. கற்பிப்பவர் உதவியாளர், கற்பவர் மேலாளர் என்னும் இம்முறையை எந்தப் பள்ளி ஏற்கும்?

'நிலைத்திராத ஊழியர்க்கு மொழி கற்பித்துப் பயனென்ன?' என்பர் சிலர். மொழியறியாமல், பேசத் துணையின்றித் தனித்துக் கிடப்பதும் அவர்கள் ஓடிப்போவதற்கு ஒரு காரணமன்றோ? வழியும் புதிதன்று. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1969இல் தோன்றிய பழங்குடியினர் மேம்பாட்டு நிறுவனம் வெளியார்க்கு உள்ளூர் மொழிகளைக் கற்பித்தது, அகராதிகளையும் பதிப்பித்தது. டார்வினுக்குத் தெற்கேயுள்ள பேட்சலர் கல்லூரி, மாணவர் சில கிழமை தங்கிக் கற்று, பின் தம் ஊருக்கும் பணிக்கும் திரும்பும் முறையை நெடுங்காலம் நடத்திக் காட்டியது. தம் பழங்குடி ஊழியர்க்கு ஊதியத்தோடு அத்தகைய கல்வி விடுப்பு அளிக்காத நிறுவனம், ஊழியர் கல்விக்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்துவது எதற்காக? மண்டபத்துக்கு நாற்காலி எண்ணவா?

பாடம் வகுக்கும் குழுவில் அவ்வூர் முதியோர் எத்தனை பேர், ஒருநாட் கற்பித்தலுக்கு அவர்களுக்கு ஊதியம் எவ்வளவு, கடந்த ஐந்தாண்டில் உதவியாளராயிருந்து மேலாளராக உயர்ந்த பழங்குடியினர் எத்தனை பேர் என்று ஆண்டறிக்கையின் முதற் பக்கத்தில் அச்சிடட்டும். சான்றிதழ் வழங்கு விழாவின் படங்களைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.