கேட்காத கம்பைலர்

சி மொழியில் 'வாலடைல்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு மாறிக்கு முன்னால் போட்டால் கம்பைலருக்கு எச்சரிக்கை: 'அய்யா, இந்தப் பெட்டியில் இருக்கும் எண் என் ப்ரோக்ராமைக் கேட்காமலேயே மாறும். ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே திறந்து பார். போன தடவை பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு கெட்டிக்காரத்தனம் பண்ணாதே.' சென்சார், மோட்டார் சமாசாரங்களை சி-யில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் இல்லாமல் பிழைப்பு நடப்பது கஷ்டம்.

1989-ல் வந்த ஆன்சி தரநிர்ணயம் இதை அதிகாரபூர்வமாக்கியது. கூடவே ஒரு காரியம் செய்தது. பெட்டியை 'அணுகுவது' என்றால் என்ன என்பதை அந்தந்தக் கம்பைலர்காரரே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டது! வாடகை ஒப்பந்தத்தில், 'வாடகை எது என்பதைக் குடியிருப்பவரே முடிவு செய்வார்' என்று எழுதின மாதிரி.

விளைவு? மைக்ரோசாஃப்ட் தன் விஷுவல் சி++ 2005-ல் வாலடைலுக்குக் கூடுதல் அர்த்தம் கொடுத்தது. ஒரே ப்ரோக்ராமின் பல இழைகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும்போது வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளும். ஜிசிசி அந்த உத்தரவாதம் தரவில்லை. மைக்ரோசாஃப்டே ஏஆர்எம் சிப்புகளுக்கு, கேட்டால்தான் தருகிறது. இன்டெலில் சமர்த்தாக ஓடியது வேறிடத்தில் எப்போதாவது, காரணமே சொல்லாமல், உளறும். மேனுவலில் போட்டிருக்கிறோமே என்பார்கள். சரி, ஒரே எழுத்தில் இருக்கும் சொல்லுக்கு ஆளுக்கொரு மேனுவல் எதற்கு, தரநிர்ணயம் எதற்கு?

இது வியாக்கியானத் தகராறு. பச்சைத் தப்பும் உண்டு. 2008-ல் எரிக் ஐட், ஜான் ரெகர் என்ற இரண்டு யூட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 13 கம்பைலர்களைச் சோதித்தார்கள். எல்லாம் தொழில்முறையில் புழங்குகிற சரக்கு. பதின்மூன்றிலும் வாலடைலைத் தப்பாக மொழிபெயர்த்த சந்தர்ப்பங்கள் அகப்பட்டன. ஒன்றுகூடத் தேறவில்லை.

சி-யைப் படைத்த டென்னிஸ் ரிட்சி 1988-லேயே தரக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சொல்லைப் பெரும்பாலோர் மறந்துவிடலாம், அதுதான் அதன் பெரிய நன்மை என்று கிண்டலடித்தார். அன்றைக்கு அது சரியாகக்கூட இருந்திருக்கலாம். இன்றைக்கு வாஷிங் மெஷினிலும் கார் பிரேக்கிலும் சிப் உட்கார்ந்திருக்கிறது. மறக்க முடியுமா, சொல்லுங்கள்?

கம்பைலர் செய்பவர்கள் வேகத்தில் போட்டி போடட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் 'தொடாதே' என்று எழுதிவைத்த இடத்தில் கை வைக்கக் கூடாது. வாலடைலுக்கு என்னென்ன சோதனை செய்தோம் என்பதை வெளியிட வேண்டும். கல்லூரி வாத்தியார்களும் இரண்டு மார்க் விளக்கத்தோடு நிறுத்தாமல், கம்பைலர் துப்பின அசெம்பிளியைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும்.

அதுவரை யாராவது 'டெஸ்ட் பண்ணியாச்சு சார்' என்றால், எந்தக் கம்பைலரில், எந்தச் சிப்பில் என்று கேளுங்கள்.