ஸ்டுடியோவுக்குத் தனித் தொகுதி கிடையாது

2022 நவம்பர் 4 அன்று ஆம் ஆத்மி கட்சி குஜராத்துக்கான தன் முதல்வர் வேட்பாளரை அறிவித்தது. பெயர் இசுதான் காத்வி. ஒன்றரை ஆண்டுக்கு முன்புவரை வி.டி.வி. செய்தித் தொலைக்காட்சியில் 'மஹாமந்தன்' நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவர். போனிலும் வாட்ஸ்அப்பிலும் மக்களிடம் கேட்டோம், 73 சதவீதம் பேர் இவரைத்தான் சொன்னார்கள் என்றது கட்சி.

காத்வி பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. விவசாயிகள் பிரச்சினையைப் பேசியே பெயர் வாங்கியவர். அவரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பத்திரிகையாளர் அரசியலுக்கு வரலாமா என்று நடுநிலை பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன்தான் பின்னர் சென்னை சட்டசபைக்குள் போனார். 1920-இல் 'மூக்நாயக்' தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சட்டசபைக்குள் போனார். நமக்குப் பத்திரிகையும் அரசியலும் என்றைக்கும் ஒன்றுதான்.

என் கேள்வி வேறு. தினமும் இரவு வீட்டுக்குள் வந்து பேசும் முகம் ஒரு அரசியல் மூலதனம். கட்சிகள் அதைத் தேடி வந்து வாங்குகின்றன. அந்த மூலதனம் யாருக்குக் கிடைக்கிறது?

ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019-இல் இந்தி, ஆங்கில ஊடகங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 பேர் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர்? ஒருவர்கூட இல்லை. விவாதம் நடத்தும் நெறியாளர்களிலும் ஒரு தலித் இல்லை.

இப்போது அதே குஜராத்தின் இன்னொரு முன்னாள் பத்திரிகையாளரைப் பாருங்கள். ஜிக்னேஷ் மேவானி 'அபியான்' என்ற குஜராத்தி வார இதழில் வேலை பார்த்தவர், பிறகு வழக்கறிஞர். அவரை எந்த ஸ்டுடியோவும் தலைவராக்கவில்லை. 2016 ஜூலையில், செத்த மாட்டின் தோலை உரித்த நம் பிள்ளைகளை உனாவில் கட்டிவைத்து அடித்தார்கள். அடித்தவர்களே அதை வீடியோவாகவும் பரப்பினார்கள். அடுத்த மாதம் அகமதாபாத்திலிருந்து உனாவுக்குப் புறப்பட்ட பேரணியில்தான் மேவானி தலைவரானார். செத்த மாட்டை இனி தூக்க மாட்டோம், குடும்பத்துக்கு 5 ஏக்கர் நிலம் கொடு என்றது அந்தப் பேரணி. நம் ஆள் ஊருக்குத் தெரியவர நம் பிள்ளைகள் அடி வாங்க வேண்டியிருந்தது!

காத்விக்குக் கருத்துக்கணிப்பு நடந்த அதே 2022-இல்தான், ஏப்ரல் மாதம், ஒரு ட்வீட்டுக்காக அசாம் போலீஸ் குஜராத்துக்கே வந்து மேவானியைக் கைது செய்தது. டிசம்பரில் முடிவு வந்தபோது காத்வி கம்பாலியாவில் தோற்றார். மேவானி வட்காமில் இரண்டாவது முறையாக வென்றார்.

தெரு ஜெயித்தது, ஸ்டுடியோ தோற்றது என்று கைதட்ட வேண்டாம் தோழர்களே. வட்காம் தனித் தொகுதி. குஜராத்தின் 182 தொகுதிகளில் பட்டியல் சாதிகளுக்கு 13 உண்டு, அரசமைப்புச் சட்டம் இருப்பதால். செய்தி அறைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதே செய்தி அறைதான் இன்று முதல்வர் வேட்பாளரை உருவாக்கித் தருகிறது.

இதழியல் படிக்கும் தம்பி தங்கைகள் பலர் எனக்கு எழுதுகிறீர்கள். இன்டர்ன்ஷிப் நேர்காணலில் 'எந்த ஊர்?' என்று கேட்டுவிட்டு, 'ஊரில் எந்தப் பக்கம்?' என்றும் கேட்கிறார்களாம். கேட்ட தேதியையும் கேள்வியையும் எழுதி வையுங்கள்.