மரத்தரையை எடுக்கப் போறீங்களா? கேபினட்டைக் கழட்டாதீங்க!

கிச்சன்ல பழைய மரத்தரையை எடுக்கணும்னு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டா, "கேபினட்டையும் கழட்டிடலாம் சார்"னு ஆரம்பிப்பாங்க. பட்ஜெட் எகிறுறது அங்கதான்.

மாடுலர் கேபினட் பெரும்பாலும் பிளாஸ்டிக் கால்கள் மேலதான் நிக்கும். ஸ்கர்டிங் பலகையைக் கழட்டி, கால்களுக்கு முன்னாடி வரைக்கும் தரையை வெட்டி எடுத்தா போதும். உள்ளே இருக்கிற மிச்சத்தை ஸ்கர்டிங் மறைச்சிடும். கேபினட்டையே எடுத்தா கிரானைட் மேடை, சிங்க், பைப்னு செலவு வரிசை கட்டும். கிரானைட் உடைஞ்சா புதுசுதான் வாங்கணும்.

ஆனா மரம் ஊறியிருந்தாலோ, கரையான் இருந்தாலோ முழுசா எடுத்தே ஆகணும். அங்க மிச்சம் பிடிக்காதீங்க. புதுத் தரை உயரமானா டிஷ்வாஷர் வெளிய வராது, முன்னாடியே அளந்துக்கோங்க.

"கடன் வாங்கினா வரிச்சலுகை இருக்கே"ன்னு நினைக்காதீங்க. குடியிருக்கிற வீட்டைப் புதுப்பிக்க வாங்கின கடனோட வட்டிக்கு, பழைய வரி முறையில வருஷத்துக்கு அதிகபட்சம் 30,000 ரூபாய்தான் கழிவு. புது முறையில அதுவும் கிடையாது.

கேபினட்டைக் கழட்டி மாட்டுற செலவை கொட்டேஷன்ல தனி வரியா எழுதித் தரச் சொல்லுங்க. அந்த ஒரு வரியைப் பார்த்துட்டு அப்புறம் முடிவு எடுங்க.