சோறா சுதந்திரமா என்று கேட்பவர்களுக்கு

சோவியத் யூனியன் பற்றிப் பேச்சு வந்தாலே நம்ம ஊர்த் தோழர்கள் ஒரு கேள்வியை எடுத்து வீசுவார்கள்: "சுதந்திரத்தை வச்சு நாக்கு வழிக்கவா? 1991க்கு அப்புறம் அந்த ஜனங்க என்ன ஆனாங்க?"

லேசான கேள்வி அல்ல. 1992 ஜனவரி 2 அன்று யெல்ட்சின் அரசு விலைக் கட்டுப்பாட்டை விலக்கியது. அந்த ஒரே ஆண்டில் விலைவாசி சுமார் 25 மடங்கு ஏறியது. வாழ்நாளெல்லாம் சேமிப்பு வங்கியில் போட்டுவைத்த பணம் செல்லாக்காசானது. 1990இல் 64 வயதையொட்டி இருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்கும் கீழே போனது. இதை மறுப்பதற்கில்லை. இதைச் சுதந்திரத்தின் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

என் தொழிலில், சர்வர் விழுந்தால் கடைசியாகக் கை வைத்தவன் தலையில் பழியைப் போடுவார்கள். எது எதை உடைத்தது என்று பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். இங்கேயும் அதே கதைதான்.

ரஷ்யாவில் என்ன நடந்தது? 1993 அக்டோபரில், எதிர்த்து நின்ற நாடாளுமன்றத்தை டாங்கிகள் சுட்டன. 1995இல் எண்ணெய், நிக்கல் நிறுவனங்கள் அடிமாட்டு விலைக்குச் சில வங்கிக்காரர்களிடம் போயின. ஏலத்தை நடத்தியவர்களே ஏலமும் எடுத்தார்கள். இது சுதந்திரம் மிஞ்சிப்போனதன் விளைவா? தட்டிக்கேட்க ஆளில்லாததன் விளைவு.

போலந்தும் 1990இல் அதே கசப்பு மருந்தைக் குடித்தது. ஆலைகள் மூடின, வேலை போனது. கோபப்பட்ட மக்கள் 1993இல் பழைய கம்யூனிஸ்டுகளையே தேர்ந்தெடுத்தார்கள். 1997இல் அவர்களையும் இறக்கினார்கள். 90களின் நடுவிலேயே போலந்து 1989இன் உற்பத்தியை எட்டிவிட்டது. ரஷ்யாவுக்கு மேலும் பத்தாண்டு பிடித்தது. கடன் தள்ளுபடி, ஐரோப்பாவின் அருகாமை என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் சுதந்திரம் சோற்றைப் பறிக்கும் என்பது உண்மையானால், அதிகம் பட்டினி கிடந்திருக்க வேண்டியது போலந்து.

"பழைய ஆட்சியில் சோறாவது இருந்ததே" என்பீர்கள். 1932இல் உள்நாட்டுப் பாஸ்போர்ட் வந்தது. கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு அது பொதுவாக இல்லை; அந்த உரிமை அவர்களுக்குக் கிடைத்தது 1974இல்தான். அதுவரை அனுமதி இல்லாமல் பட்டணத்துக்குப் போய்ப் பிழைக்க முடியாது. 1933 ஜனவரியில், உக்ரைனிலும் குபானிலும் பஞ்சத்துக்குத் தப்பி ஓடிய விவசாயிகளைத் தடுத்து நிறுத்த உத்தரவு போனது. ஊரைவிட்டுப் போகும் உரிமை அன்று சோறேதான். அங்கே இரண்டையும் எந்தத் தராசில் பிரித்து வைப்பீர்கள்?

சீனாவைக் காட்டுவீர்கள். அங்கேயும் 1978க்குப் பிறகு வயிறு நிறையத் தொடங்கியது, கூட்டுப்பண்ணையைக் கலைத்து, என்ன விதைப்பது என்ற முடிவில் பெரும்பங்கைக் குடும்பங்களிடம் விட்டபோதுதான்.

சேமிப்பை இழந்த மாஸ்கோக் கிழவி இந்தக் கேள்வியைக் கேட்டால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். சோறும் பேச்சும் ஒருசேர வாய்த்த நாம் கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. அந்தக் கிழவிக்குத் தேவைப்பட்டது என்ன? இன்னும் கொஞ்சம் குறைந்த சுதந்திரமா, தன் பணம் எங்கே போனது என்று கேட்டுப் பதில் வாங்கும் சுதந்திரமா?