மொக்கை எழுதவும் ஒரு இடம் வேணும் சாமி!

போன வாரம் நண்பர் ஒருத்தரோட போன்ல பேசிட்டிருந்தேன். அவரும் பதிவர்தான். பேச்சுவாக்குல, "கண்டவனெல்லாம் எழுத வந்ததாலதான்யா நகைச்சுவையே நாசமாப் போச்சு. எழுதத் தெரிஞ்ச பத்து பேர் எழுதினா போதாதா?"ன்னார். அப்ப நான் ஒண்ணும் சொல்லலை. (அவர்கிட்ட கைமாத்து வாங்கியிருக்கேன், அது தனிக்கதை.) ஆனா ராத்திரி தூக்கம் வரலை. அதான் இந்தப் பதிவு.

கண்டவனெல்லாம் எழுதினா என்ன ஆகும்ங்கிறதை பிரிட்டன்ல 28 வருஷம் செஞ்சே பார்த்திருக்காங்க மக்களே. பிபிசி ரேடியோ 4-ல 'வீக் எண்டிங்'னு ஒரு நிகழ்ச்சி. 1970-ல ஆரம்பிச்சு 1998 வரைக்கும் ஓடிச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி, சுமார் அரை மணி நேரம். அந்த வாரத்துச் செய்திகளை எடுத்துக் குட்டிக்குட்டி நாடகமாக்கிக் கிண்டல் பண்ணுவாங்க. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தொழிற்சங்கம், யாரையும் விட மாட்டாங்க. சாலி கிரேஸ் என்ற நடிகை மார்கரெட் தாட்சர் குரலில் பேசியே பெயர் வாங்கினவர்.

ஆனா நான் சொல்ல வந்தது அதோட கிண்டலைப் பத்தி இல்லை, கதவைப் பத்தி. ஒப்பந்தம் போட்டு எழுதுறவங்க ஒரு பக்கம் இருந்தாங்க. இன்னொரு பக்கம், ஒப்பந்தம் இல்லாதவங்களுக்குன்னே வாரா வாரம் ஒரு கூட்டம். யார் வேணும்னாலும் போகலாம். சிபாரிசு வேண்டாம், முன்னாடி எழுதின அனுபவம் வேண்டாம். இந்த வாரம் எந்தெந்தச் செய்தியை எடுக்கலாம்னு பேசுவாங்க. எழுதிக் கொடுத்தது தேறினா ஒலிபரப்பாகும், நிமிஷக் கணக்குல காசும் உண்டு. தேறலைன்னா அடுத்த வாரம் மறுபடி வா. அவ்ளோதான்.

அந்த வழியா உள்ள போனவங்க யாரு? ஆண்டி ஹாமில்டனும் கய் ஜென்கினும் அங்கே எழுதினவங்க. பிறகு சேனல் 4-ல 1990-லேர்ந்து 1998 வரை 'டிராப் தி டெட் டாங்கி'ன்னு ஒரு டிவி செய்தி ஆபீசை வெச்சு செம காமெடி பண்ணாங்க. அன்றாடச் செய்தியையும் அதுக்குள்ள சேர்க்கணும்னு ஒளிபரப்புக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பதிவே பண்ணுவாங்க. அந்த அவசரத்துக்கெல்லாம் பழக்கம் எங்கே வந்திருக்கும்னு நினைக்கறீங்க? ஸ்டூவர்ட் லீ, ரிச்சர்ட் ஹெரிங் ரெண்டு பேரும் இங்கே எழுதிட்டு, பிறகு 'ஆன் தி அவர்' (1991-92) நிகழ்ச்சிக்கும் எழுதினாங்க. 'ஆன் தி அவர்' செய்தி வாசிப்பையே கிழிச்சுத் தொங்கவிட்ட நிகழ்ச்சி. ஆலன் பார்ட்ரிட்ஜ் பாத்திரம் பிறந்ததே அதுலதான். அதைத் தயாரிச்ச ஆர்மாண்டோ இயனூச்சி 'வீக் எண்டிங்' வேலையும் பார்த்தவர்தான்.

டக்ளஸ் ஆடம்ஸும் 'வீக் எண்டிங்'குக்கு எழுதிப் பார்த்தார். செட் ஆகலை! அவர் மண்டையில ஓடினது வேற உலகம். 1978-ல அதே ரேடியோ 4-ல 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' வந்ததும் அது எந்த உலகம்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. ஒரு இடத்துல எழுதித் தோத்தாதான் நமக்கு எது வராதுன்னாவது தெரியும். அதுக்கும் ஒரு இடம் வேணுமில்ல?

"அப்ப 'வீக் எண்டிங்' அவ்ளோ சூப்பரா?"ன்னு கேட்டீங்கன்னா, உண்மையைச் சொல்றேன், இல்லை. நல்லது ரெண்டு இருந்தா சவசவன்னு நாலு இருக்கும். வாரா வாரம் நிரப்பணும்னா அப்படித்தான். செய்தியும் இட்லி மாவு மாதிரி, ரெண்டு நாள் தாண்டினா புளிச்சுடும். உட்கார்ந்து செதுக்க நேரமில்லை. "பாதி மொக்கை"ங்கிறதுதான் அதை வேண்டாம்னு சொன்னவங்களோட முக்கியமான வாதமும். அந்த வாதத்தைத்தான் நான் ஏத்துக்க மாட்டேன். அந்த மொக்கை பயிற்சிக்குக் கொடுத்த ஃபீஸ்ங்க.

ரேடியோவுல அந்த ஃபீஸும் குறைச்சல். டிவியில நாடாளுமன்றத்தைக் காட்டணும்னா செட்டு, உடுப்பு, விளக்கு, மேக்கப். ரேடியோவுல நாலு நடிகர், ஒரு கதவுச் சத்தம், "ஆர்டர் ஆர்டர்"னு ஒரு குரல். முடிஞ்சது. ஒரு துணுக்கு சொதப்பினா போறது ரெண்டு நிமிஷம். ஆனா எழுதுறவனுக்கு அது கத்துக்கொடுக்கறது கொஞ்சநஞ்சம் இல்லை. எங்கே இருக்கோம், யார் பேசறாங்கன்னு முதல் ரெண்டு வரியிலேயே கேட்கிறவனுக்குப் புரியணும். முகத்தை வெச்சுச் சமாளிக்க முடியாது. வார்த்தை சரியில்லைன்னா மாட்டிக்குவே. புது ஆளை வெச்சு ரிஸ்க் எடுக்க இதை விட மலிவான இடம் எது?

1998-ல ரேடியோ 4 பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் பாயில் நிகழ்ச்சி நிரலையே புரட்டிப் போட்டார். அந்த வருஷத்தோட 'வீக் எண்டிங்' முடிஞ்சது. அதே வருஷம் ஸ்டீவ் பன்ட், ஹ்யூ டெனிஸ் ரெண்டு பேரோட 'தி நவ் ஷோ' ஆரம்பிச்சு 2024 வரைக்கும் ஓடிச்சு. நல்ல நிகழ்ச்சிதான், நானே ரசிச்சிருக்கேன். ஆனா அது பேர் எடுத்தவங்க மேடை. தெருவுல போறவன் உள்ள வர முடியாது.

"அப்புறம் 'நியூஸ்ஜாக்' வந்துதே?"ன்னு விஷயம் தெரிஞ்சவங்க மடக்குவீங்க. வந்துது. 2009-லேர்ந்து 2021 வரைக்கும். யார் வேணும்னாலும் மெயில்ல எழுதி அனுப்பலாம். இதுல ஒரு நல்லது, லண்டன்ல குடியிருக்கணும், வேலை நாள்ல கூட்டத்துக்குப் போகணும்ங்கிற கட்டாயம் இல்லை. பழைய கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கலைங்கிறதை நானும் ஒத்துக்கறேன். அந்த நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினவங்கள்ல ரொமேஷ் ரங்கநாதனும் ஒருத்தர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, முன்னாள் கணக்கு வாத்தியார். நமக்கும் கொஞ்சம் பெருமை.

ஆனா வெச்ச இடத்தைப் பாருங்க. 'வீக் எண்டிங்' ரேடியோ 4-ன் வாசல்ல இருந்தது. 'நியூஸ்ஜாக்' டிஜிட்டல்ல வர்ற இன்னொரு அலைவரிசையில, கொல்லைப்புறத்துல. அது வருஷத்துல பெரும்பகுதி ஓடிச்சு, இது சில வாரம் ஓடும், அப்புறம் பல மாசம் இடைவெளி. இதுக்கப்புறம் 'டிஎம்ஸ் ஆர் ஓப்பன்'னு ஒண்ணும் வந்தது, அதுக்கும் யாரும் அனுப்பலாம்னு இருந்தது. வேண்டாம்னு சொல்லலை. ஆனா எழுதுறவன் எழுத்தாளன் ஆகறது வாரா வாரம் எழுதி, வாரா வாரம் அடிவாங்கித்தான். வருஷத்துல சில வாரம் மட்டும் திறக்கிறதுக்குப் பேரு கதவு இல்லை, ஜன்னல்.

என் கதையையும் சொல்லிடறேன். காலேஜ் முடிச்ச புதுசுல ஒரு வாரப் பத்திரிகைக்கு பதினொரு நகைச்சுவைக் கட்டுரை அனுப்பினேன். தபால்தலை ஒட்டின கவர் வெச்சுத்தான். ஒண்ணுக்கும் பதில் இல்லை, திரும்பியும் வரலை. குப்பையா இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனா "குப்பை, அடுத்த வாரம் வேற எழுதிட்டு வா"ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா நான் இன்னும் பதினொண்ணு எழுதியிருப்பேன். யாரும் சொல்லாததால பத்து வருஷம் பேனாவையே தொடலை. பதிவு ஆரம்பிச்சு, நீங்க நாலு பேர் வந்து "சகிக்கலை"ன்னு பின்னூட்டம் போட்ட பிறகுதான் மறுபடி கை ஓட ஆரம்பிச்சுது.

அதனால நண்பரே, எழுதத் தெரிஞ்ச பத்து பேர் எழுதினா போதும்னு சொல்றீங்களே, அந்தப் பத்து பேர் எங்கேர்ந்து வந்தாங்க? வானத்துலேர்ந்து குதிச்சாங்களா? எங்கேயோ, எவனோ ஒருத்தன் அவங்க மொக்கையைப் பொறுத்துக்கிட்டதாலதான் வந்தாங்க.

டிஸ்கி: கைமாத்து அடுத்த மாசம் கண்டிப்பா. இந்தப் பதிவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.