பதினெட்டு விநாடி

ஏப்ரல் 15-ஆம் தேதி சின்னமுட்டத்து விசைப்படகுகளைக் கட்டிவிடுகிறோம். அதே மாவட்டத்தில் முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் படகுகள் மே 31 வரை ஓடுகின்றன. அங்கே தடை ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31-இல் முடிகிறது. எழுபது கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு கரைக்கு 61 நாள் கொண்ட தடைக்காலங்கள் இரண்டு. குமரிமுனை கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் நடுவில் நிற்பதால் வந்த ஏற்பாடு இது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் இரண்டு தடையிலும் விலக்கு உண்டு. சித்திரை பிறந்ததும் விசைப்படகு மீன் குறைகிறது, விலை ஏறுகிறது. கடலடிப் பாறைத் திட்டான பாரில் தூண்டில் போட்டுக் கொண்டுவரும் கலவாவுக்கும் விளமீனுக்கும் வியாபாரி தண்ணீர் ஓரத்திலேயே வந்து நிற்கிறார். தூண்டில்காரருக்கு வருடத்தின் நல்ல காசு கிடைக்கும் நாட்களில் இவையும் சேர்த்தி.

கள்ளக்கடல், அதாவது காற்றில்லாமலே திடீரென்று ஏறும் கடல், வருவதும் இதே நாட்களில்தான். இம்முறை இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையில் காற்றும் மழையும் இல்லாமல் கடல் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. அதே வருடம் மே 6 அன்று, நம் மாவட்டத்தில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்களாக இருந்த ஐந்து இளம் உயிர்கள் போயின. மே மாதத்து அந்த நாட்களுக்கு எச்சரிக்கை வெளிவந்திருந்தது. அதற்கு முன் 2005 மே மாதத்திலும் தென்மேற்குக் கரை முழுக்க இதே போல் கடல் எழும்பியது. ஆய்வாளர்கள் இந்த நிகழ்வை ஒழுங்காக ஆராயத் தொடங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கடற்கரை மக்கள் வாயிலிருந்து வந்த 'கள்ளக்கடல்' என்ற சொல்லையே 2012-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. சொல்லை உலகத்துக்குக் கொடுத்த கரை, அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள கணக்கையும் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்பதே இங்கே சொல்ல வந்தது.

கணக்கு இதுதான். நம் தலைக்கு மேல் அடிக்கும் காற்று எழுப்பும் அலை ஐந்து, ஆறு விநாடிக்கு ஒன்றாக வரும். கள்ளக்கடல் அலை அப்படிப்பட்டதல்ல. தெற்கே, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பனிக்கண்டத்தைச் சுற்றி ஓடும் புயல்கள் அதை எழுப்புகின்றன. நம் கரைக்கு வந்து சேரும்போது ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவே 16, 18, சில வேளை 20 விநாடி இருக்கும். ஆழக்கடலில் 6 விநாடி அலையின் நீளம் 56 மீட்டர். 18 விநாடி அலையின் நீளம் 500 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி அளவு ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கும். ஆகவே 6 விநாடி அலைக்கு 28 மீட்டர் தண்ணீர் போதும், அதற்குக் கீழே என்ன கிடக்கிறது என்றே அதற்குத் தெரியாது. 18 விநாடி அலையோ 250 மீட்டர் ஆழத்திலிருந்தே தரையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. நாம் தூண்டில் போடும் பத்துப் பாகம், இருபது பாகம் ஆழமுள்ள பார்கள் எல்லாமே அதன் காலடியில் கிடக்கின்றன. பாரின் மேல் வந்ததும் அது வேகம் குறைந்து, நிமிர்ந்து, இரு பக்கத்திலிருந்தும் பாரை நோக்கி வளைகிறது. மணல் கரையில் பரவிப் போகும் வலு பாறைக் கரையில் ஒரே இடத்தில் குவிகிறது. காலையிலிருந்து சலனமில்லாமல் கிடந்த பாரின் மேல் திடீரென்று ஒரு அலை உடைவது இதனால்தான்.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அறிக்கையில் அலையின் உயரமும் இருக்கிறது, விநாடிக் கணக்கும் இருக்கிறது. அது அலுவலகம், தொலைக்காட்சி, வாட்ஸ்அப் என்று கைமாறி நம் ஏலக்கூடத்துக்கு வருவதற்குள் விநாடி உதிர்ந்துபோய் உயரம் மட்டும் மிஞ்சுகிறது. 'ஒன்றேகால் மீட்டர் வரை அலை எழும்பும்.' ஆனி, ஆடியில் மூன்று மீட்டர் அலைக்குள் புகுந்து வருகிறவன் இதைக் கேட்டு என்ன நினைப்பான்? போன வாரமும் இப்படித்தான் சொன்னார்கள் என்று வள்ளத்தைத் தள்ளுவான். அவனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவனிடம் பாதிச் செய்தியைத்தான் கொடுத்திருக்கிறோம். அந்த ஒன்றேகால் மீட்டர் அலை 6 விநாடி இடைவெளியில் வந்தால் கரையில் ஒன்றரை மீட்டர் அளவில் உடையும். அதே உயரம் 18 விநாடியில் வந்தால் உடையும்போது இரண்டேகால் மீட்டரைத் தாண்டும். இது சாதாரணச் சரிவுள்ள கரைக்கான கணக்கு. வலு குவியும் பாரில் இதற்கு மேலும் போகும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தோடு சேர்ந்தால் கரையேற்றி வைத்த வள்ளத்தையே இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீண்ட அலை வேகமாக ஓடும். ஆறாயிரம் கிலோமீட்டரை 18 விநாடி அலை ஐந்து நாளில் கடந்துவிடும். ஒரே புயலில் பிறந்த 14 விநாடி அலைக்கு ஆறரை நாள் வேண்டும். ஆகவே முதலில் வந்து சேருவது ஆக நீண்டதும் ஆகத் தாழ்ந்ததுமான அலை. உயரம் பிறகுதான் ஏறும். விடியற்காலையில் 20 விநாடிக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கடல் ஏறி இறங்கினால், மத்தியானமோ மறுநாளோ வரப்போவதற்கு அது முன்னறிவிப்பு. முட்டத்தில் ஒரு பெரியவர் எங்களிடம் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "காத்து இல்லாம கடலு மூச்சு விட்டா பாருக்க மேல நிக்காதடே." விநாடியோ மீட்டரோ அவர் சொல்லவில்லை. ஆனால் மேலே இரண்டு பத்தியில் எழுதியது எல்லாம் அதற்குள் இருக்கிறது.

அவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று யோசித்தால், கணியம் பார்த்த காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மருந்துவாழ் மலையின் உச்சியைக் கோயில் கோபுரத்தோடும், வேளிமலையின் ஒரு மடிப்பைக் கலங்கரை விளக்கத்தோடும் சேர்த்துப் பிடித்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பாரைக் கண்டவர்கள் அவர்கள். அதற்குக் கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீவாடு எனும் நீரோட்டம் வள்ளத்தை நகர்த்த நகர்த்தக் கண் மறுபடி மறுபடி கரைக்குப் போகும். நீண்ட அலையின் பள்ளத்தில் வள்ளம் இறங்கும்போது கோபுரத்தின் அடிப்பகுதி மறையும். மேட்டில் ஏறும்போது திரும்பத் தெரியும். மறைவதற்கும் தெரிவதற்கும் ஆகும் நேரம் நீண்டுகொண்டே போனால் அவர்களுக்கு உடம்பிலேயே உறைக்கும். கரையில் வெள்ளை எழும்புவதும் அந்தக் கண்ணில் படாமல் தப்பாது. இன்று ஜி.பி.எஸ். பாரை நான்கைந்து மீட்டர் துல்லியத்தில் காட்டுகிறது. எக்கோ சவுண்டர் அதன் மேட்டையும் குழியையும் வரைகிறது. இரண்டும் நல்ல கருவிகள். கோடையில் மலைகள் தூசிப்படலத்தில் மறைந்துபோகும்போது கணியம் பார்த்துத் தவித்தவர்கள் யாரும் அவற்றைப் பழிக்க மாட்டார்கள். ஆனால் இரண்டும் கண்ணைத் திரைக்கு இறக்கிவிடுகின்றன. பார் எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. அதன் மேல் கடல் இப்போது என்ன செய்கிறது என்பதைத் திரை சொல்லாது.

வைகாசியில் இதோடு வேறொன்றும் சேர்கிறது. தென்மேற்குக் காற்று பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் குமரிமுனைப் பக்கம் அடித்தண்ணீர் மேலே வர ஆரம்பிக்கிறது. தங்கூசியைச் சுற்றி எடுத்து ஈயக்குண்டைக் கையில் பிடித்தால் குளிர்ச்சி தெரியும். நம்மில் பலருக்கு அதுதான் பருவம் மாறுவதன் முதல் அடையாளம். குளிர்ந்து வரும் அந்தத் தண்ணீரில் உயிர்க்காற்று குறைவு. அதைத் தாங்காமல் அடிமீன்கள் ஆழம் குறைந்த பக்கம் ஒதுங்குவது மேற்குக் கரையில் பல காலமாகப் பதிவான செய்தி. மீன் கரையை நெருங்கினால் நாமும் நெருங்குவோம். எட்டுப் பாகத்துப் பார், ஆறு பாகத்துப் பார் என்று உள்ளே வருவோம். அலை உடையக்கூடிய இடங்களும் அவைதான். மீன் எந்தெந்த இடத்தில் கூடும் என்று இன்காய்ஸ் தரும் தகவல் தடைக்காலத்தில் வெளியிடப்படுவதில்லை. ஆகவே இந்த வாரங்களில் வள்ளக்காரன் எங்கே போவது என்பதைச் சொந்த அனுபவத்தாலும் பக்கத்து வள்ளத்தைப் பார்த்தும்தான் முடிவு செய்கிறான்.

சில காரியங்களை நேராகவே சொல்லிவிடுகிறோம். தள்ளுவதற்கு முன் கரையில் நின்று, அசையாத ஒரு பாறையை அடையாளம் வைத்து, பத்து அலை கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். கைப்பேசிக் கடிகாரம் போதும். ஒரு நிமிடத்துக்குள் பத்து அலை கடந்தால் அது பக்கத்துக் காற்றின் வேலை. இரண்டரை, மூன்று நிமிடம் ஆனால் அது தூரத்துக் கடல். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். நீண்ட அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், இரண்டு கூட்டத்துக்கு நடுவே கடல் குளம் போலக் கிடந்து ஏமாற்றும். இருபது நிமிடம் நிற்பதால் எந்தக் கலவாவும் ஓடிப்போய்விடாது. பாரில் நங்கூரம் போடுவதாக இருந்தால் நடு மேட்டில் போடாமல் ஆழமான ஓரத்தில் போட்டு, கயிற்றைத் தாராளமாக விடுங்கள். இழுத்துக் கட்டிய கயிறு, ஏறும் அலையில் அணியத்தைக் கீழே பிடித்து அமுக்கும். அமரத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். கத்தி அணியத்திலேயே இருக்கட்டும், கயிற்றில் ஒரு மிதவையும் இருக்கட்டும். வெட்டிவிட்டு வந்தால் நாளை போய் எடுத்துக்கொள்ளலாம். பாறையிடுக்கில் மாட்டிய நங்கூரத்தை விட மனமில்லாமல் நிற்கும் அந்த நாலு நிமிடம்தான் ஆபத்தானது. கட்டுமரத்தில் ஒற்றையாளாகப் போகிறவர்கள், இப்படிப்பட்ட நாளில் மட்டுமாவது, இன்னொரு மரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்வளத் துறையிடமும் பங்குப் பேரவைகளிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. எச்சரிக்கை அனுப்பும்போது விநாடியை முதலில் போடுங்கள், உயரத்தைப் பிறகு போடுங்கள். 'நாளை காலை முதல் 18 விநாடி அலை' என்று ஏலக்கூடத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினால் போதும். வருடம் முழுக்கச் சிவப்பு எழுத்தில் பொதுவாக எச்சரித்துக்கொண்டே இருந்தால், உண்மையாக வரும் நாளில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஆலயத்து ஒலிபெருக்கியில் மாலைப் பூசைக்குப் பிறகு அந்த ஓர் எண்ணை வாசிக்க அரை நிமிடம் ஆகாது.

இந்த இதழும் தன் பங்கைச் செய்ய நினைக்கிறது. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை எந்தப் பார் எந்த விநாடியில் உடையத் தொடங்குகிறது என்ற பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. அது உங்களிடம், ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது. உங்கள் வள்ளத்துப் பையன்களில் எழுதப் பழகிய ஒருவனிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். தேதி, நேரம், பாரின் பெயர், எத்தனை பாகம், பத்து அலைக்கு எத்தனை விநாடி, உடைந்ததா இல்லையா. இந்த ஆறு மட்டும் போதும். பிடித்த மீனின் கணக்கு எங்களுக்கு வேண்டாம், பாரின் இடத்தையும் கேட்க மாட்டோம். ஜூன் மாதம் முடிந்ததும் நோட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். ஆவணி இதழில் ஊர் வாரியாக அச்சிடுகிறோம்.